லூல்கந்துரையிலிருந்து கண்டிக்கு நடந்து

(பழைய மாணவிகள் சங்கத்தின் நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



வைத்தியரைப் பேசக் கூப்பிட்டால் நீரிழிவு, கொலஸ்ரரோல், நாற்பதுக்குப் பின் பெண்கள் என்று ஏதாவது பேசுவார் என்ற எதிர்பார்ப்பு உங்களுக்கு இருந்திருக்கும். அதற்கு வேறொரு நாள் வைத்துக்கொள்வோம். இன்று ஒரு பாதையைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். கடந்த விடுமுறையில் ஒரே வகுப்பில் இருந்த ஐந்து பேர் இரண்டு நாள் நடந்தோம். இரண்டு பேர் வைத்தியர்கள், ஒருத்தி ஆசிரியை, ஒருத்தி வங்கியில், ஒருத்தி ரொறொன்ரோவிலிருந்து வந்தவள். மேடையில் நிற்பது ஒருத்தி என்றாலும் பேச்சு ஐவருடையது. அதனால் "நாங்கள்" என்றே சொல்லிக்கொண்டு போகிறோம்.

பீக்கோ ட்ரெயில் என்று ஒன்று வந்திருப்பதை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். கண்டி ஹந்தானையில் உள்ள தேயிலை அருங்காட்சியகத்தில் தொடங்கி மலைமலையாக ஏறி இறங்கி நுவரெலியாவில் போய் முடிகிற நடைபாதை. 22 கட்டங்கள், மொத்தம் 300 கிலோமீற்றருக்கும் மேல். மிகுவேல் குனாட் என்ற ஸ்பானியர் முன்னின்று வகுத்தது. ஐரோப்பிய ஒன்றியமும் அமெரிக்காவும் பண உதவி செய்தன. 2023இல் திறந்தார்கள். புதிதாக வெட்டிய பாதை என்று பெரிதாக ஒன்றும் இல்லை. தேயிலையைக் கீழே கொண்டுவருவதற்காக நூறு, நூற்றைம்பது வருடங்களுக்கு முன் போட்ட வண்டிப் பாதைகளையும், மலைக்கு மலை போகிற குறுக்குப் பாதைகளையும், கிராமத்து ஒற்றையடிப் பாதைகளையும் ஒன்றோடொன்று கோர்த்து, திருப்பத்துக்குத் திருப்பம் அடையாளம் வைத்திருக்கிறார்கள். அவ்வளவுதான். அவ்வளவுதான் என்று சொன்னாலும் நல்ல வேலை அது.

முதற் கட்டம் ஹந்தானையிலிருந்து கலஹா. இரண்டாம் கட்டம் கலஹாவிலிருந்து தெல்தோட்டை மலைகளை ஊடறுத்து லூல்கந்துர. வருகிறவர்கள் எல்லாரும் நகரத்திலிருந்து மலைக்குப் போகிறார்கள். நாங்கள் மாறி நடந்தோம். எங்களில் இருவர் தெல்தோட்டைப் பக்கத்துப் பிள்ளைகள். அங்கே யாரும் கண்டியிலிருந்து புறப்படுவதில்லை, கண்டிக்குத்தான் புறப்படுவார்கள். பெரிய ஆஸ்பத்திரிக்குக் கண்டி, கச்சேரிக்குக் கண்டி, கலியாணப் புடவைக்குக் கண்டி, ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் பாஸ் பண்ணினால் பெரிய ஸ்கூலுக்குக் கண்டி. இந்தியாவிலிருந்து வந்த எங்கள் பாட்டன் பூட்டன்மாருக்கோ முழு இலங்கையுமே கண்டிச்சீமைதான். ஆகவே நடந்தாலும் அந்தத் திசையில்தான் நடப்பது என்று முடிவெடுத்தோம்.

முதல் நாள் விடியுமுன் தெல்தோட்டையிலிருந்து ஆட்டோவில் லூல்கந்துரைக்குப் போய் இறங்கினோம். பெயருக்கு அர்த்தம் சொன்னவர் வழியில் ஏறிக்கொண்ட ஒரு சிங்கள மாஸ்டர். லூலா என்றால் நம்முடைய விரால் மீன். கந்துர என்றால் மலையோடை. விரால் ஓடுகிற ஓடை. இலங்கையின் முதல் தேயிலைத் தோட்டம் என்று உலகம் முழுவதும் அறிந்த இடத்தின் பெயரில் தேயிலை இல்லை, தண்ணீர்தான் இருக்கிறது. அந்த மலைகளில் எந்தப் பக்கம் இறங்குகிற ஓடையும் கடைசியில் மகாவலியில்தான் விழும். நாங்கள் நடந்த இரண்டு நாளும் ஏதாவதொரு தண்ணீர்ச் சத்தம் கூடவே வந்தது. சில இடத்தில் பாதைக்குக் கீழே, சில இடத்தில் பாதைக்குக் குறுக்கே, ஒரு இடத்தில் எங்கள் சப்பாத்துக்குள்ளே.

லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லரின் மரவீடு இருந்த இடத்தையும், அவர் உட்கார்ந்து பார்த்த கல்லாசனத்தையும் காட்டுவார்கள். 1852இல் ஸ்கொட்லாந்திலிருந்து பதினேழு வயசுக்குள் வந்த பையன். 1867இல் அங்கே 19 ஏக்கரில் தேயிலை நட்டார். கொழும்பு – கண்டி ரயில் ஓடத் தொடங்கியதும் அந்த வருடந்தான். இரண்டு வருடத்தில் கோப்பி இலையில் நோய் விழுந்து கோப்பிச் சீமை அழிந்தபோது, தேயிலை தயாராக இருந்தது. இவை பாடப்புத்தகத்தில் நீங்கள் படித்தவை.

பாடப்புத்தகத்தில் இல்லாத ஒன்றைச் சொல்கிறோம். தேயிலைக்கு முன்னோடியாக அவர் இன்னொன்றையும் நட்டார். சிங்கோனா. கொயினா மாத்திரைக்கு மூலமான மரப்பட்டை. வைத்தியர்கள் இருவரும் அந்த இடத்தில் கொஞ்சம் நின்றுவிட்டோம். திருச்சி, சேலம், வடஆற்காடு என்று பல பக்கத்திலிருந்தும் ஆள் கட்டிக் கூட்டி வந்த சனங்கள் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியாக மாத்தளைக்கு நடந்து வந்த காலம் அது. காய்ச்சலும் வாந்திபேதியும் பாதையோரத்தில் ஆளைச் சாய்த்தன. விழுந்தவர்களை விட்டுவிட்டு மற்றவர்கள் நடந்தார்கள். அப்படித் தப்பி வந்தவர்களின் கைகள்தான் இங்கே காய்ச்சலுக்கு மருந்து மரம் நட்டன. அந்தப் பட்டை வெளிநாட்டுக்குப் போனது. இலங்கையில் மலேரியா இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது 2016இல்.

டெய்லர் 1892 மே 2ஆம் திகதி லூல்கந்துரையிலேயே இறந்தார். சீதபேதி. ஐம்பத்தேழு வயது. இன்று ஜீவனி பக்கெட்டும் நல்ல அன்ரிபயோற்றிக்கும் இருந்தால் பெரும்பாலும் பிழைத்திருப்பார். அவர் காலத்தில் அவரது நிர்வாகமே அவரை வேலையிலிருந்து நீக்கியிருந்தது. போகமாட்டேன் என்று இருந்து, அங்கேயே முடிந்தார். கனத்த சரீரம். கண்டி மஹய்யாவ மயானத்துக்கு ஏறத்தாழ 18 மைல். 24 தொழிலாளர்கள் பன்னிரண்டு பன்னிரண்டு பேராகப் பிரிந்து, நாலு மைலுக்கு ஒருமுறை தோள் மாற்றி, பெட்டியைச் சுமந்து நடந்தார்கள் என்று தேயிலை வரலாறு எழுதியவர்கள் சொல்கிறார்கள். கங்காணிமாரும் தொழிலாளர்களும் "சாமித் துரை" என்று அழுதுகொண்டு பின்னால் நடந்தார்களாம்.

அழுதார்களா, அழ வேண்டியிருந்ததா என்று எங்களில் ஒருத்தி கேட்டாள். வங்கிக்காரிக்கு எப்போதும் சந்தேகம். இரண்டும் இருந்திருக்கும். நாற்பது வருடம் ஒரே மலையில் சேர்ந்து வாழ்ந்தவர்களுக்குள் என்ன இருந்தது என்பதை நாம் இங்கிருந்து தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆனால் லூல்கந்துரையிலிருந்து கண்டிக்கு நடந்தவர்களில் முதன்முதல் புத்தகத்தில் ஏறிய கூட்டம் அந்த 24 பேருந்தான். மஹய்யாவயில் கல்லறைக் கல் இருக்கிறது. அதில் சுமக்கப்பட்டவரின் பெயர் இருக்கிறது.

இனிப் பாதை. காலையில் பனி. பனி விலகியதும் அட்டை. அட்டைக்கு உப்பு, எலுமிச்சை, சவர்க்காரம் என்று ஐந்து பேரிடமும் ஐந்து வைத்தியம் இருந்தது. எல்லாவற்றையும் மீறி அட்டை தன் வேலையைப் பார்த்தது. சவுக்கு மர நிழலில் தேயிலை மலை, அதைத் தாண்டினால் மானாப்புல், அதைத் தாண்டினால் காடு. காடென்றால் சில இடத்தில் சுத்தமான பழைய காடு. ஓடைப் பள்ளங்களில் மரவள்ளிக் கிழங்குத் துண்டு போலச் சின்னதாய் மிஞ்சியிருப்பவை. அதற்குள் நுழைந்தால் பேச்சு தானாக நின்றுவிடும். வெளியே வந்தால் லயம். லயத்துக்கு முன்னால் ஒரு மாரியம்மன், பிள்ளைக்காம்பரா, பிரட்டுக்களம். இன்னும் கீழே இறங்கினால் சிங்களக் கிராமம். வயல், கித்துள் மரம், மிளகுக்கொடி. ஒரு வீட்டு ஆச்சி எங்களைக் கூப்பிட்டு உட்காரவைத்து, வெறும் தேத்தண்ணியும் கடித்துக்கொள்ளக் கித்துள் கருப்பட்டியும் தந்தார். காசு வாங்க மறுத்துவிட்டார். ரொறொன்ரோக்காரி அங்கேயே அழுதுவிட்டாள். அவளுக்கு அட்டைக்கும் அழுகை வந்தது என்பதையும் உண்மையின் பொருட்டுச் சொல்லவேண்டும்.

தெல்தோட்டைக் கடைத்தெருவில் லுஹர் பாங்கு கேட்டது. கோயில் மணி, பள்ளிவாசல் பாங்கு, விகாரைப் பிரித் ஓதல் மூன்றும் ஒரே காற்றில் வருகிற ஊர். அங்கே போப்பிட்டியில் 1866இல் பிறந்தவர் அருள்வாக்கி அப்துல் காதிர்ப் புலவர். டெய்லர் தேயிலை நடுவதற்கு முந்திய வருடம். கண்டிக் கலம்பகம் பாடியவர். மலைநாட்டில் தேயிலைதான் விளைந்தது, தமிழ் பிறகுதான் வந்தது என்று யாராவது சொன்னால், போப்பிட்டிக்குப் போய்ப் பார்க்கச் சொல்லுங்கள்.

கொழுந்து நிறுத்து முடித்து, நிழலில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒரு கூட்டத்தைக் கடந்தபோது மூத்த அம்மா ஒருவர் கேட்டார்: "ஏம்மா, பஸ்சு தப்பிப் போச்சா?"

"இல்லீங்கம்மா, சும்மா நடக்கிறோம்."

"சும்மாவா? எங்கேருந்து?"

"லூல்கந்துரையிலிருந்து. கண்டிக்கு."

அவர் எங்களை மேலும் கீழும் பார்த்தார். பக்கத்திலிருந்தவரிடம், "படிச்ச புள்ளைங்க மாதிரித்தான் இருக்கு" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நாங்களும் சிரித்தோம். ரொட்டியும் கட்டச் சம்பலும் பங்கு வந்தது.

அந்தச் சிரிப்பைப் பற்றித்தான் இந்த உரை. மலையில் நடை என்பது பொழுதுபோக்கு அல்ல. காலையில் பிரட்டுக்கு நடை, பிள்ளைக்காம்பராவில் பிள்ளையை விட நடை, மலைக்கு நடை, முதுகில் பதினெட்டு இருபது கிலோ கொழுந்தோடு நிறுவைக்கு நடை, பிறகு விறகுக்கு நடை. சும்மா நடப்பதற்கு ஒருவருக்கு முதலில் வேண்டியது சப்பாத்து அல்ல. நடக்காமல் இருக்க முடிவது. நாம் இன்று அந்த இடத்தில் இருக்கிறோம். எங்களில் ஒருத்தியின் அம்மாயி இதே பாதையில் வயிற்றுப் பிள்ளையோடு கண்டி ஆஸ்பத்திரிக்கு நடந்து, பாதி வழியில் பெற்று, திரும்பி நடந்தவர். அவருடைய பேத்தி இன்று மூட்டுக்குப் பயிற்சி என்று அதே பாதையில் நடக்கிறாள்.

மகப்பேற்று வைத்தியத்தில் எல்லாரும் படிக்கிற ஒரு கட்டுரை உண்டு. செரீன் தாடியஸ், டெபோரா மேன் என்ற இரண்டு பெண்கள் 1994இல் எழுதியது. தலைப்பைத் தமிழில் சொன்னால் "நடந்து போக முடியாத தூரம்". தாய்மார் சாவதற்கு நோய் மட்டும் காரணமில்லை, தாமதம் காரணம் என்றார்கள். போகவேண்டும் என்று முடிவெடுப்பதில் ஒரு தாமதம். போய்ச் சேருவதில் ஒரு தாமதம். சேர்ந்தபின் வைத்தியம் கிடைப்பதில் ஒரு தாமதம். எங்கள் வார்ட்டுகளில் மூன்றையும் பார்த்திருக்கிறோம். மலையில் இரண்டாவது தாமதத்துக்கு ஒரு தனி முகம். மழை நாளில் மண் சரிந்து பாதை மூடும், ஆட்டோ ஏறாது, கம்பளியில் ஏணை கட்டித் தூக்கிக்கொண்டு பிரதான வீதி வரை இறங்கவேண்டும். தாய்ச்சாவைக் குறைத்ததில் இந்த நாடு பெயரெடுத்த நாடு. நம்முடைய குடும்பநல உத்தியோகத்தர்களை, அதாவது மிட்வைஃப் மிஸ்மாரை, உலகமே புகழ்கிறது. அந்த மிஸ்மாரும் இதே பாதையில்தான் நடந்து நடந்து அந்தப் பெயரை எடுத்துத் தந்தார்கள். ஆனால் கடைசி இரண்டு மைல் இன்னும் பலருக்குக் காலால்தான் கடக்கவேண்டியிருக்கிறது.

ஆகவே இந்தப் பாதை வந்தது நல்லதா கெட்டதா? தோட்டத்துக்குள் வெள்ளைக்காரர் வந்து படம் பிடித்துக்கொண்டு போகிறார்கள், எங்களுக்கு என்ன என்று கசந்து பேசியவர்களையும் கண்டோம். அது முழுவதும் சரியல்ல. கலஹாவில் ஒரு வீட்டில் மேல்காம்பராவை வாடகைக்கு விட்டு மகளை ஏ.எல். படிக்கவைக்கிறார்கள். தோட்டத்துப் பையன்கள் வழிகாட்டிகளாகப் போகிறார்கள். 2024இல் நாட்கூலி 1,350 ரூபாய் என்று தீர்மானிப்பதற்குள் எத்தனை பேச்சுவார்த்தை, எத்தனை வழக்கு என்று உங்களுக்குத் தெரியும். அந்தப் பின்னணியில் கொழுந்தைத் தவிர இன்னொரு வருமானம் வாசலுக்கு வருவதை நாம் வேண்டாம் என்று சொல்லக்கூடாது. எங்கள் குறை வேறு.

முதல் நாள் பத்து மணியளவில் எங்களுக்குக் கழிவறை தேவைப்பட்டது. ஐந்து பெண்கள், நாற்பது தாண்டியவர்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. லயத்தில் ஒரு தங்கச்சி தன் வீட்டுக் கக்கூசைத் திறந்துவிட்டாள். "மலையில நிக்கிறப்ப நீங்க என்ன செய்வீங்க?" என்று கேட்டோம். "மத்தியானம் வரைக்கும் அடக்கிக்குவோம் டாக்டரம்மா. தண்ணி குடிக்காட்டி வராது." தண்ணீர் குடிக்காமல் வெயிலில் நின்று கொழுந்து பறிப்பது. கிளினிக்கில் சிறுநீர்க் கிருமி என்று மாதத்துக்கு மாதம் வருகிற கர்ப்பிணிகளுக்கு "நிறையத் தண்ணி குடிங்க" என்று சீட்டில் எழுதிக்கொடுப்பவர்கள் நாங்கள். அடுத்த முறை அந்தச் சொல்லை எழுதும்போது அவள் முகம் ஞாபகம் வரும். நடப்பவர்களுக்காகப் பாதையோரத்தில் கழிவறை கட்டவேண்டும் என்று பேச்சு நடக்கிறது. கட்டட்டும். சாவி கொழுந்து பறிப்பவர்களிடமும் இருக்கட்டும். இதைச் சொல்லவேண்டிய இடங்களுக்குச் சொல்ல நம் சங்கத்தின் கடிதத்தாள் போதும்.

இன்னொன்று. பாதையின் ஒவ்வொரு கட்டத்துக்கும் இலக்கம் இருக்கிறது. கைத்தொலைபேசியில் வரைபடத்தை இறக்கினால் எந்தத் திருப்பத்தில் நிற்கிறோம் என்று காட்டுகிறது. ஜேர்மனியிலிருந்து வருகிறவருக்கு அந்த மலையில் தன் இடம் துல்லியமாகத் தெரியும். அதே திருப்பத்தில் உள்ள லயக்காம்பராவில் நாலு தலைமுறையாக இருப்பவருக்கு முகவரி கிடையாது. தோட்டத்தின் பெயர், பிரிவின் பெயர், அவ்வளவுதான். கடிதம் தோட்டக் கந்தோருக்கு வரும், கிடைத்தால் கிடைத்ததுதான். எங்கள் வகுப்பில் கணிதத்தில் முதலாவதாக வந்தவளை உங்களில் சிலருக்கு நினைவிருக்கும். பல்கலைக்கழக அனுமதிக் கடிதம் ஒரு மேசையில் கிடந்து, பதிவுத் திகதி முடிந்து மூன்றாம் வாரம் அவள் கையில் வந்தது. அவள் இன்று ஒரு தையல் ஆலையில் மேற்பார்வையாளர், நன்றாகத்தான் இருக்கிறாள், பிள்ளைகள் இருவரும் கெட்டிக்காரர். இருந்தாலும் அந்தக் கடிதத்தைப் பற்றிப் பேசினால் எழுந்து போய்விடுவாள். காலம் மாறி இப்போது குறுஞ்செய்தி வருகிறது என்கிறீர்கள். கிளினிக் அட்டை, வங்கிக் கணக்கு, நிலப்பத்திரம் எல்லாம் இன்னும் முகவரிதான் கேட்கின்றன.

இரண்டாம் நாள் கலஹாவிலிருந்து ஹந்தானை. அந்தப் பகுதி முதல் நாளைவிட லேசு. நில்லம்பைப் பக்கம் காடும் தேயிலையும் மாறி மாறி வரும். கீழே நில்லம்ப ஓயா மகாவலிக்குப் போகிறது. இரண்டாம் இராஜசிங்கன் அங்கே அரண்மனை வைத்திருந்தான். 1664இல் கலகக்காரர்கள் இரவில் அதை வளைத்துக்கொள்ள, மன்னன் மலைக்குத் தப்பியோடினான். அப்போது கைதியாக இங்கே இருந்த ரொபர்ட் நொக்ஸ் அதை எழுதிவைத்திருக்கிறார். மலை எப்போதும் தப்பியோடுகிறவர்களுக்கு இடம் கொடுக்கும். சில வேளை மலையைவிட்டே தப்பியோடவேண்டியும் வரும். 1977க்குப் பின் இந்தப் பக்கத்துக் குடும்பங்கள் பல வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போயின. பாட்டன்மார் நடந்து வந்த காட்டுப் பாதையின் ஓரத்திலேயே பேரப்பிள்ளைகள் குடிசை போட்டார்கள். அதற்கு முன் 1964 ஒப்பந்தம். தலைமன்னார்க் கப்பலேறிப் போன வகுப்புத் தோழிகளை நமது மூத்த அக்காமார் இன்றும் பெயர் சொல்லித் தேடுகிறார்கள். நீலகிரியிலிருந்து இந்த மலருக்குக் கட்டுரை அனுப்பியிருக்கும் அக்கா அவர்களில் ஒருவர்.

முதல் நாள் மலைமுகட்டில் ஒருவர் ஹேவாஹெட்டைப் பக்கம் கைநீட்டி முல்லோயாவைக் காட்டினார். 1940 ஜனவரியில் கூலி உயர்வு கேட்டு நடந்த வேலைநிறுத்தத்தின்போது பொலிஸ் சூட்டில் கோவிந்தன் இறந்த தோட்டம். பீக்கோ அடையாளப் பலகை எதிலும் அவர் பெயரை நாங்கள் காணவில்லை. நடைபாதையில் எல்லாவற்றையும் எழுத முடியாதுதான். என்றாலும் டெய்லரின் கல்லாசனத்தைக் காட்டுகிற வழிகாட்டிப் பையன், கையை இன்னும் கொஞ்சம் தூரம் நீட்டினால் முல்லோயாவையும் காட்டலாம். இதற்குக் காசு தேவையில்லை. யாராவது அந்தப் பையனுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கவேண்டும். நம்மில் சரித்திர ரீச்சர்மார் எத்தனை பேர் இங்கே இருக்கிறீர்கள்!

ஹந்தானை முகட்டிலிருந்து இறங்கும்போது முதலில் பேராதனை தெரிந்தது. பிறகு மகாவலி வளைந்து போகிற வளைவு. பிறகு கண்டி வாவி, தலதா மாளிகை. 1988இல் யுனெஸ்கோ உலக மரபுரிமையாக எடுத்துக்கொண்ட நகரம். வாவியைக் கட்டிய ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனை 1815இல் பிடித்து, வெள்ளைக்காரன் வேலூருக்கு அனுப்பினான். அவன் அங்கேயே 1832இல் இறந்தான். கண்டியரசன் வேலூருக்குப் போனான், வேலூர்ப் பக்கத்துச் சனங்கள் கண்டிக்கு வந்தார்கள். இரு பக்கமும் யாரும் கேட்டுப் போகவில்லை.

தேயிலை அருங்காட்சியகத்தின் முன்னால் நடை முடிந்தது. பழைய தேயிலை ஸ்டோர் அது, 1925இல் கட்டியது. நமது சங்கம் தொடங்கியதும் அதே வருடம் என்று மலர்க்குழுவினர் சொன்னபோதுதான் எங்களுக்குத் தெரிந்தது. அந்த ஸ்டோர் ஓய்ந்து, பல வருடம் சும்மா கிடந்து, 2001இல் அருங்காட்சியகமாகத் திறந்தது. நம்முடைய சங்கம் இன்னும் அருங்காட்சியகம் ஆகவில்லை என்பதற்கு ஆதாரம் வேண்டும். அதற்காகத்தான் ஒரு வேண்டுகோள்.

2023இல் இரண்டு நடை நடந்தன. ஒன்று, பீக்கோ நடை. மற்றது, மலையகம் இருநூறு ஆண்டை நினைத்து, ஜூலை 28 தொடங்கி ஓகஸ்ட் 12 வரை தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்த நடை. பாட்டன்மார் வந்த வழியைப் பேரப்பிள்ளைகள் மறுபடி நடந்து பார்த்தார்கள். வழியில் இருந்த எல்லா இனத்தாரும் தண்ணீர் கொடுத்தார்கள், கூட நடந்தார்கள். நம் சங்கத்திலிருந்தும் சிலர் போயிருந்தீர்கள். அந்த நடை மாத்தளையில் முடிந்தது. பீக்கோ கண்டியில் தொடங்குகிறது. இடையில் உள்ள துண்டு சிறியதுதான்.

வருகிற ஓகஸ்ட் விடுமுறையில் லூல்கந்துர – கலஹா – ஹந்தானை நடையைச் சங்க நடையாக நடத்த நினைக்கிறோம். வெறும் நாம் மட்டும் அல்ல. தெல்தோட்டை, கலஹாப் பக்கத்துத் தோட்டப் பாடசாலைகளில் ஓ.எல். எழுதி முடித்த பெண் பிள்ளைகள் இருபது பேர் வழிகாட்டிகளாக வருவார்கள். வழி அவர்களுக்குத்தான் தெரியும். பதிலுக்கு, கண்டியில் விஞ்ஞானமோ கணிதமோ படிக்க விரும்புகிற பிள்ளைகள் யார், அவர்களுக்கு எது தடை என்பதை நடந்துகொண்டே கேட்டுவிடலாம். பெரும்பாலும் புத்தியல்ல தடை, பஸ்ஸும் தங்குமிடமும். விடுதியில் வருடத்துக்கு இரண்டு கட்டிலுக்கு வேண்டிய பணத்தை எங்கள் வகுப்பு பொறுப்பெடுத்துவிட்டது. மற்ற வகுப்புகளின் மானத்தை உங்களிடமே விடுகிறோம்.

பெயர் கொடுக்க விரும்புவோருக்கு மண்டப வாசலில் ஒரு கொப்பி வைத்திருக்கிறோம். முழங்கால் வலி உள்ளவர்கள் இரண்டாம் நாள் மட்டும் சேர்ந்துகொள்ளலாம். இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எடுப்பவர்கள் அதையும் எழுதுங்கள். வெளிநாட்டிலிருந்து வருபவர்கள் நீண்ட காலுறை கொண்டு வாருங்கள், அட்டைக்கு நாடு தெரியாது. பிள்ளைகளில் பலர் செருப்போடுதான் வருவார்கள். அவர்களுடைய கால் அளவுகளைக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் எழுதியிருக்கிறோம். யார் எந்த அளவு வாங்கித் தருகிறீர்கள் என்று பக்கத்தில் பெயரைப் போட்டுவிடுங்கள். நாலாம் இலக்கத்தில்தான் அதிகம் தேவை.